மேடா? பள்ளமா?



அனுப்பர்பாளையம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பாத்திரம். சுற்றிலும் பனியன் கம்பெனிகள் பெருகிவிட்ட பிறகும் செம்பு, பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. சுத்தியலால் குழிகுழியாகத் தட்டிய, பளபளப்பு மங்கிய பழைய செம்புக் குடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிச்சம் மேலிருந்து விழும்படி வைத்து, குழிகள் உள்ள பகுதியை மட்டும் அருகில் நின்று படம் எடுப்போம். இப்போது அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்போம். குழிகள் எல்லாம் கொப்புளங்கள்போல் புடைத்துத் தோன்றக்கூடும். குடம் மாறவில்லை. மாறியது நம் பார்வை.

ஏன் இப்படி? பகலில் சூரியன், இரவில் நிலவு என்று மனிதனுக்கு வெளிச்சம் எப்போதும் மேலிருந்தே வந்திருக்கிறது. ஆகவே படத்திலும் ஒளி மேலிருந்துதான் வருகிறது என்று நம் மூளை நம்மைக் கேளாமலே முடிவு செய்துவிடுகிறது. மேல்பக்கம் வெளுத்து, கீழ்ப்பக்கம் இருண்டிருந்தால் அது மேடு. மேல்பக்கம் இருண்டு, கீழ்ப்பக்கம் வெளுத்திருந்தால் அது பள்ளம். இதுவே மூளையின் கணக்கு.

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் ஒரு தமிழர். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1988-ல் 'நேச்சர்' இதழில் இதுபற்றிய ஆய்வை வெளியிட்டார். படத்தை அப்படியே வைத்துவிட்டு நம் தலையைத் தலைகீழாக்கிப் பார்த்தாலும் மேடும் பள்ளமும் இடம் மாறுவதை அவர் காட்டினார். அதாவது, மூளைக்கு 'மேல்' என்பது வானம் இருக்கும் பக்கமன்று. நம் உச்சந்தலை இருக்கும் பக்கமே.

தரையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தவறுவதில்லை. ஆனால் விண்கலம் நேர்மேலே இருந்து எடுக்கும் படத்தில் மேல், கீழ் ஏது? சூரிய ஒளி எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். அது படத்தின் அடிப்பக்கத்திலிருந்து வந்தால், நிலவின் பள்ளங்கள் கவிழ்த்து வைத்த கிண்ணங்களாகத் தோன்றும். நம் ஊர்ப் பக்கத்துப் படங்களுக்கும் இது பொருந்தும். செயற்கைக்கோள் படங்களில் வடக்கு மேலே இருப்பது வழக்கம். மார்கழி, தை மாதங்களில் முற்பகல் சூரியன் தென்கிழக்கே நிற்கிறது. ஒளி படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வருவதால், நீலகிரி, ஆனைமலைப் பள்ளத்தாக்குகள் மலைமுகடுகள்போல் தெரியக்கூடும்.

1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் எடுத்த ஒரு படத்தில் மனித முகம் போன்ற குன்று தெரிந்தது. அது ஒளியும் நிழலும் செய்த வேலை என்று நாசா அப்போதே கூறியது. ஆயினும், அங்கே அறிவுள்ள உயிர்கள் செதுக்கிய சிலை என்று பலர் நம்பினார்கள். 1998-லும் 2001-லும் மார்ஸ் குளோபல் சர்வேயர் இன்னும் தெளிவாக எடுத்த படங்களில் சாதாரணக் குன்றுதான் இருந்தது.

நிலவில் ஒரு கலத்தை இறக்குவோருக்கு இது வேடிக்கை அன்று. மேட்டையும் பள்ளத்தையும் மாற்றிக் கணித்தால் கலம் கவிழ்ந்துவிடும். எனவே அவர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. படம் எடுத்த நேரத்தில் சூரியன் எத்திசையில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று முதலில் பார்க்கிறார்கள். அதைக்கொண்டு நிழலின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரே இடத்தைப் பல கோணங்களிலும் படம் எடுக்கிறார்கள். பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்டது. அதிலிருந்த நில வரைபடக் கேமரா ஒவ்வோர் இடத்தையும் முன்னோக்கியும், நேர் கீழாகவும், பின்னோக்கியும் மும்முறை பார்த்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3, இறங்கும் வேளையிலேயே பள்ளங்களையும் பாறைகளையும் கண்டு விலகுவதற்கென்று தனிக் கேமராவைக் கொண்டிருந்தது.

இன்று 'நிலவில் கோபுரம்', 'செவ்வாயில் கட்டடம்' என்று படங்கள் நம் செல்போனுக்கு வருகின்றன. அவற்றைப் பிறருக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேட்போம். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது? படத்தைத் திருப்பினால் எப்படித் தெரிகிறது? வேறு கோணத்தில் எடுத்த படம் உண்டா?

பனியன் கம்பெனியில் செக்கிங் செய்யும் நம் சகோதரிகள் துணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே நல்லது, பழுது என்று பிரிக்கிறார்கள். ஒரு துணிக்கே இவ்வளவு பொறுமை தேவை என்றால், ஒரு மனிதரைப்பற்றி முடிவு செய்ய எவ்வளவு வேண்டும்? சிந்திப்போம்.