பள்ளி தன்னைத் தானே அளத்தல்

பிறர் வந்து குறை காணுமுன் பள்ளியே தன் குறையைக் காணல் வேண்டும். இக்கருத்தின் வழியே மலேசியக் கல்வி அமைச்சு 2010ஆம் ஆண்டில் கல்வித் தர அளவுகோல் ஒன்றை வகுத்தது. 2017இல் அது திருத்தம் பெற்றது. தலைமைத்துவம், நிருவாகம், பாடம்-புறப்பாடம்-மாணவர் நலம், கற்றல் கற்பித்தல், மாணவர் அடைவு என ஐந்து கூறுகள் அதில் உள. ஆசிரியர்கள் சான்றுகளைக் கொண்டு தாமே மதிப்பிட்டு, கண்ட குறைக்கேற்ப மேம்பாட்டுத் திட்டம் வகுப்பர்; ஆய்வாளர் அதனைச் சரிபார்ப்பர்.

நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளுக்கு இதில் ஓர் இடர் உண்டு. தொழிலாளர் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தமையால் பல தோட்டப் பள்ளிகளில் மாணவர் தொகை சுருங்கியது. வகுப்பில் ஐவரே இருப்பின் ஒருவன் தவறினும் தேர்ச்சி நூற்றுக்கு 80 ஆகிவிடும்; மறு ஆண்டு ஐவரும் தேறினால் 100 ஆகும். ஆசிரியர் உழைப்போ ஈராண்டும் ஒன்றே. ஆகவே விழுக்காட்டை மட்டும் நோக்கிப் பள்ளி உயர்ந்தது, தாழ்ந்தது என்றல் பொருந்தாது.

பின் எதனை நோக்குவது? 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீடு 6 தேர்ச்சி நிலைகளை உடையது. ஆண்டுத் தொடக்கத்தில் 2ஆம் நிலையில் நின்ற பிள்ளை இறுதியில் எந்நிலையில் நிற்கிறது என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறித்தலே நேரிய வழி. உயராத பிள்ளைக்குக் காரணம் எழுத்தறியாமையா, பள்ளிக்கு வாராமையா என ஆராய்ந்தால், அடுத்த ஆண்டின் திட்டம் தானே உருவாகும்.

புள்ளியை மிகுத்தெழுதும் பள்ளி ஆய்வாளரை ஏய்த்தலும் கூடும். ஆயின் அந்தப் புள்ளியின் நிழலில் மறைந்துபோவது உதவி வேண்டி நிற்கும் பிள்ளையே.