திரைக்குப் பின்னால் ஓர் இடாப்பு

இடாப்போடு மல்லுக்கட்டாத ஆசிரியர் நம்மில் யாருமில்லை. வரவு ஒன்றில், புள்ளி இன்னொன்றில், அனுமதிப் பதிவு அதிபரின் அலுமாரியில். மூன்றிலும் ஒரே பிள்ளையின் பெயர்தான். ஆனால் மூன்றிலும் ஒரே மாதிரி எழுதியிருக்குமா என்று கேட்டால், "எங்க சேர்!" என்பதுதான் பதில். பல்கலைக்கழகப் பாடநெறிகளை இணையவழி நடத்தும் கட்டமைப்புகளும் அடிப்படையில் இடாப்புகள்தாம். 2020இல் கொரோனா வந்து விரிவுரை மண்டபங்கள் பூட்டப்பட்டபோது நம்முடைய பிள்ளைகளின் படிப்பு முழுக்க இவற்றை நம்பியே நடந்தது.

இவற்றுள் பரவலானது 'மூடில்'. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய இதன் முதற் பதிப்பு 2002இல் வெளிவந்தது. இலவச மென்பொருள் என்பதால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உட்பட நமது நிறுவனங்களும் இதைப் பயன்படுத்துகின்றன.

திரையில் நாம் காண்பது பாடக்குறிப்பும் ஒப்படையும். பின்னால் இருப்பது தரவுத்தளம், அதாவது ஒன்றோடொன்று தொடர்புபட்ட அட்டவணைகள். 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் கொட் முன்வைத்த எண்ணக்கருவில் இருந்து வளர்ந்தது இது. இதன் தாரக மந்திரம், ஒரு தகவலை ஓரிடத்தில் மட்டும் எழுது என்பதே. மாணவர் விபரம் ஓர் அட்டவணை, பாடநெறி இன்னோர் அட்டவணை, யார் எதில் சேர்ந்தார் என்பது மூன்றாவது. ஒரு மாணவி ஐந்து பாடம் படித்தாலும் அவளது பெயர் ஒரு தடவைதான் பதிவாகும். அதைத் திருத்தினால் ஐந்திலும் திருந்திவிடும்.

அட்டவணைகளை இணைப்பது பெயரல்ல, இலக்கம். இது நமக்கு மிக முக்கியம். முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஒரு வகுப்பில் பாத்திமா என்று தொடங்கும் பெயர்கள் பத்துப் பதினைந்து இருக்கும். பெயரை வைத்துப் புள்ளியை இணைத்தால் ஒருத்தியின் பெறுபேறு மற்றவளுக்குப் போய்விடும்.

தமிழில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. யுனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், தேடும்போது இருக்கிற பெயரும் "இல்லை" என்றே வரும்.

அடுத்தது பரீட்சை. பாதியில் கரண்ட் போனால் என்ன கதி? நல்ல கட்டமைப்பு விடைகளைக் குறித்த இடைவெளியில் தானாகவே சேமித்துக்கொள்ளும். புள்ளி பதியும்போது விடைத்தாளிலும் புள்ளிப் பட்டியலிலும் பதிய வேண்டுமென்றால், இரண்டும் சேர்ந்தே பதியும். இடையில் தடைப்பட்டால் இரண்டுமே பதியாது. அரைகுறைப் பதிவு ஒரு பிள்ளையின் வகுப்புச் சித்தியையே மாற்றிவிடக் கூடும் அல்லவா?

கடைசியாக ஒன்று. மாணவர் எப்போது நுழைந்தார், எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதெல்லாம் பதிவாகின்றன. அவற்றை யார் பார்க்கலாம் என்பதை நிர்வாகம்தான் வகுக்கிறது. இதைக் கணினிக்காரரின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. பெயர் எழுதும் முறை, தமிழில் தேடும் வசதி, யாருக்கு எந்த அனுமதி என்பவை தீர்மானிக்கப்படும் கூட்டத்தில் தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருக்க வேண்டும். அதுவும் கட்டமைப்பை உருவாக்கிய பிறகல்ல, உருவாக்கும் முன்பே.