நாற்றமா, நறுமணமா? நாகர்களின் அக்குனி



டில்லி நகரில் ஒரு வாடகை வீடு. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் சில இளைஞர்கள், தங்கள் தோழியின் திருமணத்திற்காக ஊர்ச் சமையல் ஒன்றைச் செய்ய விரும்புகிறார்கள். ஆனால் அதற்கு வேண்டிய முக்கியமான பொருளின் வாடை அக்கம்பக்கத்தாருக்கு ஆகாது. எங்கே போய் அடுப்பு மூட்டுவது? 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் கதை இது. படத்தின் பெயரே அந்த உணவுப் பொருளின் பெயர்தான்: அக்குனி.

கதை கற்பனை, சிக்கல் கற்பனையன்று. 2007ஆம் ஆண்டில் டில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கென்று ஒரு சிறு வழிகாட்டி நூலை வெளியிட்டது. மூங்கில் குருத்து, அக்குனி போன்ற வாடையுள்ள உணவுகளை அக்கம்பக்கத்தில் சச்சரவு எழாதவாறு சமைக்க வேண்டும் என்று அதில் ஓர் அறிவுரை இருந்தது. அதற்குக் கடுமையான எதிர்ப்பும் கிளம்பியது. காவல்துறையே அறிவுரை எழுத முற்படும் அளவுக்கு ஓர் உணவில் அப்படி என்ன வாடை? அது எங்கிருந்து வருகிறது? விடை தேடி நாகாலாந்தின் அடுக்களைக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

வாழையிலைக்குள் நடப்பது என்ன?

நாகாலாந்து 1963 டிசம்பர் 1ஆம் நாள் இந்தியாவின் 16ஆவது மாநிலமாக உருவானது. மலைகள் நிறைந்த சிறிய மாநிலம். அங்காமி, ஆவோ, லோத்தா, சுமி, கொன்யாக் எனப் பல நாகர் இனங்கள் அங்கு வாழ்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் தனி மொழி உண்டு. தனிச் சமையலும் உண்டு. அக்குனி என்பது சுமி இனத்தாருக்கு உரியது. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'வலுத்த மணம்' என்று பொருள் கூறுவர். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது!

செய்முறை எளியது. சோயா மொச்சையைக் கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, விரலால் நசுக்கினால் நசுங்கும் பதம் வரும்வரை வேகவைக்கிறார்கள். பிறகு நீரை வடித்துவிட்டு, வெந்த மொச்சையை வாழையிலை அல்லது வேறு அகன்ற இலைகளில் பொதிந்து, மூங்கில் கூடையில் இட்டு, அடுப்புக்கு அருகில் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிடுகிறார்கள். வெயில் காலமானால் மூன்று நான்கு நாள். குளிர் காலமானால் ஒரு வாரம்கூட ஆகும். உப்புச் சேர்ப்பதில்லை. உறைமோர் போலப் பழைய மாவு எதையும் கலப்பதில்லை. பதம் வந்ததா என்று பார்க்கக் கடிகாரமோ வெப்பமானியோ கிடையாது, மூக்குதான் கருவி. வாடை சரியான கட்டத்தை அடைந்ததும் அதை மசித்து, சிறு சிறு பொட்டலங்களாக இலையில் கட்டி, அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைத்துவிடுவார்கள். திமாப்பூர், கோஹிமா சந்தைகளில் பெண்கள் விற்கும் இலைப் பொட்டலங்கள் இவைதாம்.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். மொச்சையைத்தான் நன்றாக வேகவைத்துவிட்டார்களே, அதிலுள்ள நுண்ணுயிர்கள் எல்லாம் செத்திருக்குமே! பிறகு யார் வந்து வேலை செய்கிறார்கள்?

நல்ல கேள்வி. பேசிலஸ் சப்டிலிஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. மண்ணிலும் வைக்கோலிலும் இலைப் பரப்பிலும் அது சாதாரணமாகக் காணப்படும். சூழ்நிலை மோசமானால் அது தன் உடலுக்குள்ளேயே தடித்த ஓடு கொண்ட ஒரு விதை போன்ற அமைப்பை உண்டாக்கிக்கொண்டு உறங்கிவிடும். இதற்கு ஸ்போர் என்று பெயர். கொதிக்கும் நீரிலும் ஸ்போர்கள் தாக்குப்பிடிக்கும். மற்ற நுண்ணுயிர்கள் அழிந்துபோன பானையில் இவை மட்டும் தப்பிப் பிழைக்கின்றன. போதாததற்கு, இலையிலிருந்தும் புதிதாகச் சில வந்து சேருகின்றன. சூடு தணிந்து, உணவும் ஈரமும் கிடைத்ததும் விழித்தெழுந்து பெருகத் தொடங்குகின்றன. ஆக, வேகவைப்பது பாக்டீரியாவைத் துரத்துவதற்கு மட்டுமன்று, வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதற்கும் அது ஒரு வழி. ஆய்வுக்கூடத்தில் இன்றும் பேசிலஸ் இனங்களைப் பிரித்தெடுக்க மாதிரியைச் சூடாக்கித்தான் பார்க்கிறார்கள்.

நம் வீட்டு இட்லி மாவிலும் பாக்டீரியாதானே வேலை செய்கிறது என்பீர்கள். உண்மை, ஆனால் வேலை வேறு. இட்லி மாவில் பாக்டீரியா சர்க்கரைப் பொருள்களை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது, மாவு புளிக்கிறது. அக்குனியில் பேசிலஸ் பாய்வது புரதத்தின்மேல். சோயா மொச்சையின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு புரதம். பேசிலஸ் சுரக்கும் நொதிகள், நீண்ட சங்கிலிகளான புரத மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக நறுக்கி அமினோ அமிலங்களாக்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்று குளூட்டாமிக் அமிலம். இறைச்சிச் சாற்றின் சுவை என்று நாம் உணர்வதற்குக் காரணம் இதுவே. 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலறிஞர் இக்கேடா இதைக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அதே அமிலம் நூற்றுக்கணக்கில் கோத்துக்கொண்டு உண்டாகும் பிசினால்தான், பதமான அக்குனியைத் தொட்டு விரலை விலக்கினால் சிலந்தி நூல் போல இழை நீளுகிறது.

சில அமினோ அமிலங்கள் மேலும் சிதைந்து அம்மோனியாவை வெளிவிடுகின்றன. எனவே இட்லி மாவு அமிலமாவது போல் அக்குனி காரத்தன்மை அடைகிறது. சிவப்பு லிட்மஸ் தாளை வைத்தால் நீலமாகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

மூக்கு சொல்வதும் மூளை சொல்வதும்

வாடைக்குரிய காரணங்களில் அம்மோனியா ஒன்று. மற்றொன்று கிளைச் சங்கிலியுள்ள கொழுப்பு அமிலங்கள், சிறப்பாக ஐசோவலேரிக் அமிலம். வியர்த்த காலுறையிலும் இதே அமிலம் இருக்கிறது. ஐரோப்பியர் விலை கொடுத்து வாங்கும் சில பாலாடைக் கட்டிகளிலும் இதே அமிலம் இருக்கிறது. ஒன்றில் முகம் சுளிக்கிறோம், மற்றொன்றில் சப்புக்கொட்டுகிறோம். மூலக்கூறு ஒன்றேதான்! மூன்றாவது கூட்டம் பைரசீன்கள்; வறுத்த கடலையிலும் காப்பிக்கொட்டையிலும் உள்ள இனிய மணம் இவற்றால் வருவது. அக்குனியை நெருப்பில் வாட்டும்போது இந்த மணம் தூக்கலாகிறது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சிறிது சீரகத்தை மென்று, பிறகு மூக்கை விடுங்கள். சீரகத்தின் 'சுவை' என்று நினைத்தது திடீரென்று அப்போதுதான் வந்து சேரும். வாய்க்குள்ளிருக்கும் உணவின் ஆவி தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுவதே காரணம். வெளியே நின்று முகர்பவனுக்கும் உள்ளே வைத்து உண்பவனுக்கும் ஒரே பொருள் இரு வேறு அனுபவங்களைத் தருவதில் வியப்பில்லை. வேக வைக்காத பெருங்காயக் கட்டியை ஒரு புதியவரிடம் நீட்டிப் பாருங்கள். அவர் என்ன சொல்லுவாரோ அதைத்தான் டில்லியின் மாடிக் குடியிருப்புகளில் அக்குனியைப் பற்றிச் சொல்லுகிறார்கள். எது நாற்றம், எது நறுமணம் என்பதில் பெரும்பகுதி பழக்கமே. பிறந்த நாளிலிருந்து பழகிய மணத்தை ஒருவன் ஒளித்துவைத்துச் சமைக்கும்படி ஆவது வேதியியலின் குற்றமன்று.

நஞ்சை நீக்கும் புளிப்பு

அக்குனிக்கு அடுத்தபடி நாகர் சமையலில் பெரிய இடம் மூங்கில் குருத்துக்கு. லோத்தா இனத்தார் இதில் பெயர் பெற்றவர்கள். இளங்குருத்தைத் துருவியோ நசுக்கியோ கூடையில் அடைத்துப் புளிக்கவைக்கிறார்கள். வடியும் புளிப்புச் சாற்றையும் வீணாக்காமல் சேர்த்துவைத்துக் குழம்புக்கு ஊற்றுகிறார்கள். இங்கே வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியா. ஆகவே இது இட்லி மாவின் பங்காளி.

பச்சை மூங்கில் குருத்தை அப்படியே உண்பது ஆபத்து. அதில் டாக்சிஃபிலின் என்னும் பொருள் இருக்கிறது. குருத்தை வெட்டும்போது உயிரணுக்கள் உடைந்து, ஒரு நொதி இதனுடன் சேர, ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. மரவள்ளிக் கிழங்கிலும் இதற்கு உறவான பொருள் உண்டு. துருவுவதால் நஞ்சு விரைந்து வெளிப்படுகிறது. சாறு வடிவதால் ஒரு பகுதி வெளியேறுகிறது. நாட்கணக்கில் வைப்பதாலும் கொதிக்கவைப்பதாலும் எஞ்சியது ஆவியாகிப் போகிறது. வேதியியல் நூல் படிக்காத பாட்டிமார் சரியான வரிசையில் சரியான படிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆவோ இனத்தார் சேம்பின் இலையை நொதிக்கவைத்து அரைத்து, வடை போல் தட்டி, உலர்த்திப் புகையில் வைக்கும் 'அனிஷி'யும் இந்த வகையைச் சேர்ந்ததே. சேம்பு ஏன் நாக்கை அரிக்கிறது என்று உங்கள் அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள். ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களைப் பற்றிச் சொல்லுவார்.

பத்து லட்சம் கொண்ட மிளகாய்

இனி, நாகாலாந்தின் ராஜா மிளகாய். 1912ஆம் ஆண்டில் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் கலந்து, காரம் தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும் என்று கணக்கிட்டார். சுவைப்பவர்களின் நாக்கு பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்! இன்று கருவியால் அளக்கிறார்கள்; அலகின் பெயர் மட்டும் ஸ்கோவில் என்றே நிலைத்துவிட்டது. வடகிழக்கின் இந்த மிளகாய் வகை 10,01,304 அலகுகளுடன் 2007ஆம் ஆண்டில் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் சாதனை நூலில் ஏறியது. பின்னர் வேறு மிளகாய்கள் அதை முந்திவிட்டன. 2008ஆம் ஆண்டில் 'நாகா மிர்ச்சா'வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021 ஜூலையில் நாகாலாந்தின் பெரேன் மாவட்டத்து மிளகாய் குவாஹாட்டி வழியாக லண்டனுக்கு ஏற்றுமதியாயிற்று.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். கொலம்பஸுக்குப் பின்னரே ஆசியாவுக்கு வந்தது. சில நூற்றாண்டுகளில் மலைமக்களின் 'மரபு' உணவாகிவிட்டது. மரபு என்பதும் ஒரு காலத்தில் புதுமையாக இருந்ததுதான்!

புட்டிக்குள் அடைக்கலாமா?

மேலே கண்டவையெல்லாம் நெடுங்காலம் வீட்டுக்காகச் செய்யப்பட்டவை. மிஞ்சியது சந்தைக்குப் போனது. இன்று நாகாலாந்தின் இளைஞர்களும் பெண்கள் குழுக்களும் இவற்றைச் சிறு தொழிலாக்கி வருகிறார்கள். அக்குனித் தூள், ராஜா மிளகாய் ஊறுகாய், புகையூட்டிய பன்றியிறைச்சி ஊறுகாய், உலர்த்திய மூங்கில் குருத்து ஆகியவை அழகிய உறைகளில் வருகின்றன. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, இப்போது டிசம்பர் முதல் பத்து நாட்கள் கோஹிமாவுக்கு அருகே கிசாமாவில் நடைபெறும் ஹார்ன்பில் விழாவில் இவற்றுக்கு நல்ல விற்பனை.

ஆனால் இலைப் பொட்டலத்தைப் புட்டியாக மாற்றுவது, பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை மட்டுமன்று. அக்குனி உயிருள்ள பொருள். பொட்டலத்துக்குள்ளும் பேசிலஸ் ஓய்வதில்லை; நாளாக ஆக அம்மோனியா ஏறிக்கொண்டே போகும். சாதாரண பிளாஸ்டிக் உறை வழியாக வாடை கசியும். பேருந்தில் கொண்டுபோக முடியாது. இதற்கு ஒரு வழி நீரை அகற்றுவது. நன்கு உலர்த்திப் பொடித்தால் பாக்டீரியா பெருக ஈரம் இல்லாமல் மீண்டும் ஸ்போராக உறங்கிவிடும். தூளின் வாடையும் வெகுவாகக் குறையும். குழம்பில் விழுந்ததும் திரும்பி வரும்.

இறைச்சி ஊறுகாயில் இன்னும் கவனம் வேண்டும். அடுப்புப் பரணில் வாரக்கணக்கில் தொங்கும் இறைச்சியைப் புகையிலுள்ள பீனால் பொருள்களும் வறட்சியும் காக்கின்றன. அதையே எண்ணெயில் அமிழ்த்திப் புட்டியில் மூடினால் காற்று இல்லாத இடமாகிவிடும். காற்றில்லாத இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா வளர்ந்து உயிர்க்கொல்லி நஞ்சைச் சுரக்கும். பிஎச் மதிப்பு 4.6க்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. ஆகவே ஊறுகாய்க்காரர் வினிகரையோ புளிப்புச் சாற்றையோ போதிய அளவு சேர்த்து, பிஎச் அளந்து பார்ப்பது நல்லது. மூக்கோடு இப்போது இன்னொரு கருவியும் தேவைப்படுகிறது.

கடினமான கேள்வி வேறொன்று. ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். இலையிலிருந்து வரும் பாக்டீரியா ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பருவத்திலும் வேறுபடும். வேண்டாத இனங்களும் நுழைய இடமுண்டு. ஜப்பானில் 'நாட்டோ' என்னும் சோயா உணவை முற்காலத்தில் வைக்கோலில் பொதிந்தே செய்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்து, தூய வித்தாகத் தூவும் முறை வந்தது. இன்று அங்கே தொழிற்சாலையில் செய்யும் நாட்டோ எங்கும் ஒரே சுவை, வைக்கோல் அருமையாகிவிட்டது. அக்குனியையும் இவ்வாறு செய்ய முடியும். செய்தால் பாதுகாப்பு கூடும், விற்பனை பெருகும். ஒரு ஊரின் அக்குனிக்கும் அடுத்த ஊரின் அக்குனிக்கும் உள்ள வேறுபாடு மறைந்தும் போகலாம். மணிப்பூரின் ஹவாய்ஜார், மேகாலயாவின் துங்ரிம்பாய், சிக்கிமின் கினேமா ஆகிய இதன் உறவினர்களுக்கும் இதே நிலைமைதான். பேசிலஸ் வகைகளை ஊர் ஊராகச் சேகரித்து ஆய்வுக்கூடங்களில் பாதுகாத்துவிட்டு, பிறகு தூய வித்தைப் பற்றி யோசிப்பதே முறை என்பது என் கருத்து. தொலைந்த ஒரு பாக்டீரியா வகையைத் திரும்ப வாங்க எந்தச் சந்தையும் இல்லை.

சிலர் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பார்க்கிறார்கள். மொச்சையை இலையிலேயே பொதிந்து பழைய முறையில் நொதிக்கவைத்து, உலர்த்தும் கட்டத்தில் மட்டும் புதிய கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தூளைப் பையில் போட்டுக்கொண்டு டில்லிக்கு ரயிலேறும் மாணவன், பக்கத்து இருக்கைக்காரருக்கு வாடையே தெரியாமல் போய்ச் சேரலாம். வீட்டுக்காரர் வீட்டில் குழம்பு கொதிக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு மட்டும் இன்னும் எந்த உலர்த்தியும் வரவில்லை.