பசளை மூடைக்குள் இருக்க வேண்டிய நம்பிக்கை: கென்யா தரும் பாடம்

தேயிலை வியாபாரத்தின் நிமித்தம் நான் சில வருடங்கள் கென்யாவின் மொம்பாசா நகரில் தங்கியிருந்தேன். எமக்குக் கொழும்பு ஏலம் எப்படியோ, அப்படித்தான் கிழக்காபிரிக்கத் தேயிலைக்கு மொம்பாசா ஏலம். 1999ஆம் ஆண்டு தேயிலைத் தோட்டங்களைப் பார்ப்பதற்காகக் கெரிச்சோ பகுதிக்குச் சென்றிருந்தபோது வீதியோரப் பசளைக் கடையொன்றில் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். பலகைத் தட்டில் சிறு கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி பசளை. வெளியே ஒட்டிய கடதாசியில் ஒரு திகதி.

எதற்கென்று கேட்டேன். "புதிய மூடையைத் திறக்கும்போது ஒரு பிடி எடுத்து வைப்பேன். அறுவடை முடியும்வரை அது இங்கேயே இருக்கும். பயிர் சரியில்லை என்று யாராவது வந்தால் காட்ட வேண்டுமல்லவா?" என்றார் கடைக்காரர்.

அந்தப் போத்தல்களின் பெறுமதி எனக்கு அன்று முழுமையாக விளங்கவில்லை. 2024இல் கென்யாவைக் கலக்கிய போலிப் பசளை விவகாரத்தின் பின்னரே விளங்கியது. அதைப் புரிந்துகொள்ள, அந்நாட்டின் பசளை வர்த்தகம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முதலில் நோக்குவோம்.

உற்பத்தி இல்லாத நாடு

நைதரசன் பசளை உற்பத்திக்கு இயற்கை வாயு வேண்டும். மற்ற இரு பிரதான சத்துக்களுக்குப் பொஸ்பேற்றுப் பாறையும் பொட்டாசியக் கனியமும் வேண்டும். வர்த்தக ரீதியில் தோண்டி எடுக்கக்கூடிய அளவில் இவை எவற்றையும் கென்யா இன்னும் பெறவில்லை. ஆகவே அந்நாடு பயன்படுத்தும் இரசாயனப் பசளை ஏறத்தாழ முழுவதும் கப்பலில் வந்திறங்குவதாகும். நக்குரு, எல்டொரெட் ஆகிய நகரங்களில் ஆலைகள் இருப்பது உண்மையே. ஆனால் அவை இறக்குமதியான பசளைகளை மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்றவாறு கலந்து பொதி செய்யும் ஆலைகள் மாத்திரமே.

உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் முயற்சியொன்று 1970களில் நடந்தது. கென்-ரென் என்ற பெயரில் அமெரிக்க நிறுவனமொன்றுடன் கூட்டாக மொம்பாசாவில் தொழிற்சாலை அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கடன் பெறப்பட்டது. அதற்கு அரசாங்கமே பிணை நின்றது. தொழிற்சாலை எழும்பவில்லை. ஒரு மூடைப் பசளையேனும் வெளிவரவில்லை. கடனையும் வட்டியையும் மாத்திரம் பல தசாப்தங்களாக மக்கள் வரிப்பணத்திலிருந்து செலுத்த நேர்ந்தது.

துறைமுகத்திலிருந்து வயல்வரை

மொத்தமாகக் கப்பலில் வரும் பசளை மொம்பாசாவில் 50 கிலோ மூடைகளில் அடைக்கப்படும். அங்கிருந்து சோளம் விளையும் எல்டொரெட், கிட்டாலே பகுதிகளுக்குச் செல்ல 800 கிலோமீற்றருக்கும் மேல். அந்த மேட்டுநிலங்களில் சோளத்துக்கு வருடத்தில் ஒரே ஒரு பிரதான போகம்தான். மார்ச், ஏப்ரலில் மழையோடு விதைப்பார்கள். அதற்கு முன்னரே அடிக்கட்டுப் பசளையான டி.ஏ.பி. கடைக்கு வந்திருக்க வேண்டும். தாமதமாகி வரும் மூடை, வராத மூடைக்குச் சமமாகும்.

1990களின் முற்பகுதிவரை பசளையின் விலையையும் இறக்குமதி அனுமதியையும் அரசாங்கமே தன் கையில் வைத்திருந்தது. பின்னர் இக்கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. தனியார் இறக்குமதியாளர்களும் மொத்த வியாபாரிகளும் போட்டிக்கு வந்தனர். கிராமங்கள்தோறும் நான் கண்டது போன்ற சிறு கடைகள் முளைத்தன. முழு மூடை வாங்க வசதியற்றவர்களுக்கு அக்கடைக்காரர்கள் ஒரு கிலோ, இரண்டு கிலோ என நிறுத்துக் கொடுத்தனர். 1997இல் ஒரு சிறு விவசாயி பசளை வாங்கச் சராசரியாக 8 கிலோமீற்றர் செல்ல வேண்டியிருந்தது. 2007இல் அது ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றராகக் குறைந்தது. மானியம் எதுவுமின்றியே 1992க்கும் 2007க்கும் இடையில் நாட்டின் பசளைப் பாவனை கிட்டத்தட்ட இரு மடங்காகியது. ஆபிரிக்காவில் இது பலரும் எடுத்துக்காட்டிய சாதனை எனலாம்.

விலையும் மானியமும்

இறக்குமதியை நம்பியிருப்பதன் ஆபத்து 2008இல் வெளிப்பட்டது. 2007இன் ஆரம்பத்தில் தொன் ஒன்று 300 டொலருக்கும் குறைவாக இருந்த டி.ஏ.பி., 2008இல் உலகச் சந்தையில் 1000 டொலரைத் தாண்டியது. போதாக்குறைக்குத் தேர்தலின் பின்னரான வன்முறையால் அவ்வருட ஆரம்பத்தில் உள்நாட்டுப் போக்குவரத்தும் தடைப்பட்டது. அரசாங்கம் மீண்டும் களத்தில் இறங்கி, தேசிய தானிய விளைபொருள் சபையின் களஞ்சியசாலைகள் ஊடாக மானியப் பசளையை விற்கத் தொடங்கியது.

2022இல் உக்ரேன் யுத்தத்தை அடுத்து 50 கிலோ மூடையொன்றின் விலை 6000 ஷில்லிங்கைத் தாண்டியது. அவ்வருடம் செப்டெம்பரில் பதவியேற்ற ஜனாதிபதி வில்லியம் ரூட்டோ அதனை 3500 ஷில்லிங்குக்கு வழங்குவதாக அறிவித்தார். 2023இல் மானிய விலை 2500 ஆகக் குறைக்கப்பட்டது. விவசாயிகள் பதிவு செய்யப்பட்டு, கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைக் காட்டிப் பசளை பெறும் முறையும் அறிமுகமானது. ஏழை விவசாயிக்கு இது பெரும் நிவாரணம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் வியாபாரியின் பக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். கடன்பட்டு 6000 ஷில்லிங் விலைக்குச் சரக்கை நிரப்பி வைத்தவனால், 3500க்கு விற்கும் களஞ்சியசாலையுடன் எப்படிப் போட்டியிட முடியும்? அடுத்த போகத்துக்குச் சரக்கு எடுக்க அவன் அஞ்சுவான். அவன் கடையை மூடினால், களஞ்சியசாலைக்கு எட்டாத் தூரத்தில் இருக்கும் விவசாயிக்கு இரண்டு கிலோ நிறுத்துக் கொடுக்கவும் ஆளிருக்காது.

போலி மூடை

2024 மார்ச்சில், விதைப்புக் காலம் நெருங்கிய வேளையில், அம்மானியத் திட்டத்தின் ஊடாகவே தரமற்ற மூடைகள் விற்கப்பட்டிருப்பது அம்பலமானது. பசளை என்று அச்சிடப்பட்ட பைகளில் இருந்தது பயிருக்குப் பயனற்ற மண் என்ற செய்தி நாட்டை உலுக்கியது. தர நிர்ணயப் பணியகத்தின் பரிசோதனையிலும் சில மூடைகள் தேறவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பதில் மூடைகள் வழங்குவதாக அரசாங்கம் உறுதியளித்தது. விவசாய அமைச்சர் மித்திகா லின்தூரியைப் பதவி நீக்கும் பிரேரணை மே மாதம் தேசிய சபையில் நிறைவேறியது. எனினும் அதை விசாரித்த தெரிவுக்குழு, குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை எனத் தீர்மானித்தது.

அரிசியை வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்கலாம். தேயிலையைச் சுவைத்துப் பார்க்கலாம். பசளையை அவ்வாறு பார்க்க முடியாது. அதில் நைதரசன் எத்தனை வீதம் என்பது ஆய்வுகூடத்துக்குத் தெரியும், அல்லது பயிருக்குத் தெரியும். பயிர் வெளுத்து விவசாயி உண்மையை அறியும்போது மழை போய்விட்டிருக்கும். மூடையின் விலையைத் திருப்பிக் கொடுக்கலாம். போன போகத்தைத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடியாது.

இழப்பு அத்துடனும் நிற்பதில்லை. அயல்நாடான தன்சானியாவின் மொரொகோரோ பிரதேசத்தில் ஆய்வாளர்கள் கடைகளில் யூரியாவை வாங்கிப் பரிசோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ அனைத்துமே உரிய தரத்தில் இருந்தன. ஆனால் விவசாயிகளில் பெரும்பாலோர் கலப்படம் இருப்பதாகவே நம்பினர். ஈரத்தால் கட்டிபட்டிருந்த தோற்றம் அந்தச் சந்தேகத்துக்குத் தூபமிட்டது. நல்ல பசளையையும் நம்பாதவர் குறைவாக வாங்குவார், விளைச்சலும் குறையும். ஒருவர் செய்யும் மோசடியின் விலையை நேர்மையான வியாபாரிகள் அனைவரும் செலுத்துவது இவ்வாறுதான்.

தேயிலைத் துறையின் வழி

இதற்கு மாறான உதாரணமும் கென்யாவிலேயே உண்டு. எமது தேயிலையுடன் உலகச் சந்தையில் போட்டியிடும் கென்யத் தேயிலையில் பாதிக்கு மேல் சிறு தோட்டக்காரர்களுடையது. அவர்களில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகக் கென்யா தேயிலை அபிவிருத்தி முகவராண்மை பசளையை மொத்தமாக இறக்குமதி செய்கின்றது. கையில் பணமில்லாதவருக்கும் மூடை கிடைக்கும். விலை பின்னர் கொழுந்துப் பணத்தில் கழிக்கப்படும். இங்கே கவனிக்க வேண்டியது, பசளையைக் கொடுக்கும் தரப்பே கொழுந்தையும் வாங்குகின்றது என்பதாகும். பசளை பொய்த்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அதன் தொழிற்சாலையும் நட்டப்படும். விற்பவரின் இலாபம் வாங்குபவரின் அறுவடையோடு கட்டப்பட்டிருக்கும்போது ஏமாற்றுவதற்கான தூண்டுதல் குறைகின்றது.

2024 மே மாதம் நைரோபியில் கூடிய ஆபிரிக்கத் தலைவர்கள், தரச்சான்று பெற்ற பசளையின் உள்நாட்டு உற்பத்தியையும் விநியோகத்தையும் 2034க்குள் மும்மடங்காக்கப் பிரகடனம் செய்தனர். வரவேற்கத்தக்க இலக்கு. ஆனால் பத்து ஆலைகள் எழுந்தாலும், கடைசியில் மூடையைத் திறப்பவர் ஒரு விவசாயிதான். துறைமுகத்திலும் களஞ்சியசாலையிலும் கடையிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஒழுங்கு இல்லாவிட்டால், மானியம் விலையை இறக்கலாமே தவிர விளைச்சலை ஏற்றாது.

போலிப் பசளை பற்றிய செய்தியைப் படித்த வாரம் அந்தக் கெரிச்சோ கடைக்காரருடன் தொலைபேசியில் பேசினேன். இப்போது கடையை மகன் நடத்துகின்றார். "எந்த மூடையைக் கண்டாலும் சனம் சந்தேகப்படுகிறது" என்றார். போத்தல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று விசாரித்தேன். இருப்பதாகவும், முன்பு கேட்காதவர்களும் இப்போது தங்கள் கண் முன்னாலேயே நிரப்பி வைக்கச் சொல்வதாகவும் கூறினார்.

வாங்குபவரால் சோதிக்க முடியாத பொருளை விற்பவருக்கு நாணயமே முதல். அந்த முதலைக் கரைத்துவிட்டால் எந்த வங்கியும் அதனைக் கடனாகத் தராது.