விண்ணப்பம் ஏன் கடைசி நாள்வரை காத்திருக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் கல்லூரியில் சேர விண்ணப்பிக்க இன்னும் 30 நாட்கள் இருக்கின்றன. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றுகிறது. மறுநாளும் அப்படியே தோன்றுகிறது. கடைசியில் ஒரு மாலைப் பொழுதில் சான்றிதழ்களைத் தேடி வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறோம். இதைச் சோம்பல் என்று சொல்லி விட்டுவிடலாமா? விட முடியாது. இதற்குள் சுவையான அறிவியல் இருக்கிறது.

புறாக்கள் சொன்ன பாடம்

அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஐன்ஸ்லி 1974ஆம் ஆண்டில் 10 புறாக்களைக் கொண்டு செய்த சோதனை ஒன்றை வெளியிட்டார். ஒரு விசையைக் கொத்தினால் உடனே சிறிதளவு தீனி கிடைக்கும். கொத்தாமல் சற்றுப் பொறுத்திருந்தால் கூடுதலான தீனி கிடைக்கும். பெரும்பாலான புறாக்களால் பொறுக்க முடியவில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் கொத்திவிட்டன!

நம் மனமும் இப்படித்தான். அருகிலுள்ள பயன் பெரிதாகவும் தொலைவிலுள்ள பயன் சிறிதாகவும் தெரிகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? இன்றைய கிரிக்கெட் ஆட்டத்தின் மகிழ்ச்சிக்கு 10 மதிப்பு என்போம். விண்ணப்பத்தின் பயனுக்கு 100 மதிப்பு. ஆனால் மனம் அந்த 100ஐ, மீதமுள்ள நாட்களுடன் ஒன்றைக் கூட்டி, அந்தத் தொகையால் வகுத்துவிடுகிறது என்று கொள்வோம். 30 நாட்கள் இருக்கும்போது 100ஐ 31ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3தான். ஆட்டம் வென்றுவிடுகிறது! 9 நாட்கள் இருக்கும்போது இரண்டும் 10 என்று சமமாகின்றன. 3 நாட்கள் இருக்கும்போது விண்ணப்பத்தின் மதிப்பு 25. அப்போதுதான் ஓடத் தொடங்குகிறோம். எண்கள் கற்பனையே, ஆனால் விலங்குகளிடமும் மனிதர்களிடமும் நடந்த சோதனைகளில் மதிப்பு ஏறத்தாழ இந்த வடிவில்தான் குறைகிறது.

ஒன்பது நாள் போதுமா?

போதும் என்றுதான் நினைப்போம். கனடாவில் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலறிஞர்கள் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம், "எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரி விடை 34 நாட்கள். "எல்லாமே தடங்கலானால்?" என்றபோது 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் ஆனதோ சராசரியாக 55 நாட்களுக்கும் மேல்! வேலையின் நீளத்தை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

விண்ணப்பத்தில் இது பெருந்தொல்லை தரும். படிவத்தை நிரப்ப ஒரு மணி நேரம் போதும். ஆனால் அதற்கு வேண்டிய தாள்கள் எல்லாம் நம் கையில் இருப்பதில்லை. வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அவை கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் பார்வையைக் கடந்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவருக்கு அந்த ஒரு தாள் கட்டணச் சலுகையைப் பெற்றுத் தருவது. பெயரிலோ தலைப்பெழுத்திலோ ஒரு சான்றிதழுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு இருந்தால், திருத்தம் செய்ய இன்னும் நாளாகும்.

கடைசி நாளின் நெரிசல்

ஓர் அலுவலகச் சாளரத்தில் ஒரே எழுத்தர் இருக்கிறார். ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிடம். மணிக்கு 60 பேரைக் கவனிக்கலாம். முன்பின்னாக மணிக்கு 30 பேர் வந்தால், ஒருவர் வரிசையில் நின்று வேலையை முடித்துத் திரும்பச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். 54 பேர் வந்தால்? 10 நிமிடம். 59 பேர் என்றால் ஒரு மணி நேரம்! கூட்டம் இருமடங்குகூட ஆகவில்லை. காத்திருப்போ முப்பது மடங்காகிவிட்டது. 60ஐத் தாண்டினால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

வரிசைகளின் இந்தக் கணிதத்துக்கு அடிகோலியவர் டென்மார்க்கின் எர்லாங். தொலைபேசி அழைப்புகளின் நெரிசலை ஆராய்ந்து 1909இல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். விண்ணப்பங்களை ஏற்கும் கணினிகளுக்கும் இதே இயல்புதான். எல்லோரும் கடைசி மாலையில் நுழைந்தால், உங்கள் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதில் வியப்பில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, பின்னாலிருந்து முன்னோக்கி எண்ணுங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் சொந்தக் கடைசி நாளைக் குறியுங்கள். பெரிய தொழிற்சாலைப் பணிகளைத் திட்டமிட 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு முறை உருவானது. எந்த வேலைகள் தாமதித்தால் முழுப் பணியும் தாமதிக்குமோ அவற்றை முதலில் கண்டறிவதே அதன் சாரம். உங்களுக்கு அவை பிறர் கையொப்பமிட வேண்டிய தாள்கள். ஆகவே படிவத்தைத் திறப்பதற்கு முன்பே, ஏன், தேர்வு முடிந்த வாரத்திலேயே, சான்றிதழ்களுக்கு விண்ணப்பியுங்கள்.

இரண்டாவதாக, "சீக்கிரம் செய்வேன்" என்று சொல்லாதீர்கள். "சனிக்கிழமை காலை 10 மணிக்கு, இ-சேவை மையத்தில்" என்று எழுதி வையுங்கள். உளவியலறிஞர் கோல்விட்சரும் பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையில் எழுத வேண்டிய ஓர் அறிக்கையை எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் முடித்தவர்களின் விகிதம், குறிக்காதவர்களைப் போல இருமடங்குக்கும் மேல்.

மூன்றாவதாக, வேலையைத் துண்டு போடுங்கள். இன்று புகைப்படமும் கையொப்பமும். நாளை மதிப்பெண் பட்டியலின் நகல். மறுநாள் படிவத்தின் முதல் பக்கம். எல்லாம் முடிந்தபின் 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்த மறந்துவிடாதீர்கள். பாதியில் சேமித்து வைத்த படிவம் விண்ணப்பம் ஆகாது. ஒப்புகைத் தாளையும் அச்செடுத்து வையுங்கள்.

அந்தப் புறாக்களின் கதையில் ஒரு பகுதி பாக்கியிருக்கிறது. ஐன்ஸ்லி இன்னொரு விசையையும் வைத்திருந்தார். முன்னதாகவே அதைக் கொத்திவிட்டால், ஆசை காட்டும் விசை ஒளிரவே ஒளிராது. பத்தில் மூன்று புறாக்கள் அதைக் கற்றுக்கொண்டு, தம்மைத் தாமே கட்டுப்படுத்திப் பெரிய பங்கைப் பெற்றன. உங்கள் ஆசை விசை எது? கைப்பேசி என்றால், சனிக்கிழமை 10 மணிக்கு முன்பே அதை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கடவு எண் வரும்போது மட்டும் வாங்கிப் பார்த்தால் போதும்!