99 யுவான் டெபாசிட்: ஓஃபோ கதையும் உங்க ரூம் அட்வான்ஸும்

போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை கிடைச்சு முதல் மாச சம்பளம் வந்தாச்சா? அதுல பாதி எங்க போச்சுன்னு யோசிங்க. ரூமுக்கு அட்வான்ஸ், வாடகை வண்டி ஆப்புக்கு டெபாசிட். "அது செலவு இல்லையே, திரும்ப வந்துடும்"னு மனசுல ஓரமா வச்சிருப்பீங்க. ஒரு கோடி பேர் அப்படித்தான் நினைச்சாங்க.

டாய் வெய், 1991-ல பிறந்தவர். பீக்கிங் பல்கலைக்கழகத்துல படிச்சப்போ, 2014-ல நண்பர்களோட ஆரம்பிச்ச கம்பெனிதான் ஓஃபோ. (ஆங்கிலத்துல சின்ன எழுத்துல எழுதினா சைக்கிள் மாதிரியே இருக்கும், அதான் பேரு.) ஆப்புல பூட்டைத் திறந்து ஓட்டணும், போன இடத்துலயே விட்டுட்டுப் போயிடலாம். ஐடியா சூப்பர். அலிபாபா, டிடி மாதிரி பெரிய கைகள் பணம் போட்டாங்க. மஞ்சள் சைக்கிள் 2018-ல நம்ம கோயம்புத்தூருக்கே வந்துச்சு. அந்த வருஷமே இந்தியாவை விட்டுக் கிளம்பியும் போச்சு.

ஏன்? சவாரிக்கு ஒரு யுவான், அதுவும் போட்டிக் கம்பெனி மொபைக் இலவசமா விட்டா இவங்களும் இலவசம். சைக்கிள் உடையுது, காணாம போகுது. வரவு இல்லை, செலவு நிக்கலை. ஆனா புது யூசர்கள் 99 யுவான், பிறகு 199 யுவான், டெபாசிட் கட்டினாங்க.

2018 டிசம்பர்ல பீஜிங் ஆபீஸ் வாசல்ல குளிர்ல வரிசை. ஆப்புல பணம் திரும்பக் கேட்டுக் காத்திருந்தவங்க ஒரு கோடிக்கும் மேல. ஆளுக்கு 99-னே வச்சாலும் 99 கோடி யுவான், அன்னைக்கு மதிப்புல சுமார் 1,000 கோடி ரூபாய்! திவால் மனு போடலாமான்னு யோசிச்சதா டாய் வெய்யே ஊழியர்களுக்கு எழுதினார். கோர்ட் அவரை விமானம், ஸ்டார் ஹோட்டல் பக்கம் போகக் கூடாத பட்டியல்ல சேர்த்துச்சு. அதனால வரிசையில நின்னவங்களுக்குப் பணம் வந்துடலை.

டெபாசிட்டுன்னு பேர் இருந்தாலும், அது நீங்க வட்டியில்லாம, அடமானமில்லாம கொடுத்த கடன். பேங்க்ல போட்டா 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் உண்டு. ஆப்புல கட்டினதுக்கு அது கிடையாது. இங்க கம்பெனி திவாலானா தொழிலாளர் சம்பள பாக்கி, அடமானம் வச்சிருக்கிற பேங்க் எல்லாம் முன்னாடி. உங்க ஆயிரம் ரூபா கடைசி வரிசைப் பக்கம்.

ஆப்புல போன ஆயிரத்தை விடுங்க. ரூம் அட்வான்ஸ்தான் பெரிசு. ஓசூர் தாண்டி பெங்களூரு பக்கம் போனா பத்து மாச வாடகை கேட்கிறது சகஜம். தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனா நம்ம பசங்க ஒப்பந்தமே போடுறதில்லை, கையில காசா கொடுத்துட்டு "அண்ணே, பார்த்துக்கோங்க"ன்னு வந்துடுறாங்க. நானும் கொடுத்திருக்கேன். காலி பண்றப்போ "பெயின்ட் அடிக்கணும் தம்பி"ன்னு பாதிதான் வந்துச்சு.

இன்னைக்கு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சதும் ஒரு பேப்பர் எடுங்க. யாருகிட்ட எவ்வளவு டெபாசிட் இருக்கு, ரசீது இருக்கான்னு எழுதுங்க. ஓட்டாத ஆப்புல கிடக்கிற பணத்தை இப்பவே திரும்பக் கேளுங்க. அடுத்த ரூமுக்கு அட்வான்ஸை யூபிஐ-ல போடுங்க, "ரூம் அட்வான்ஸ்"னு குறிப்பும் சேர்த்து.