வாயில்லா ஜீவனுக்கும் ரத்ததானம்

"உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் யார் வீட்டிலாவது பெரிய நாய் இருக்கிறதா?"

டாக்டர் இப்படிக் கேட்டதும் நான் திருதிருவென்று விழித்தேன். மனிதருக்கு ரத்ததானம் செய்வது தெரியும். பணியில் இருந்த காலத்தில் நானே பலமுறை கொடுத்திருக்கிறேன். நாய்க்கு ரத்தம் என்றால் எங்கே போவது?

2019-ம் ஆண்டு மே மாதம். நாக்பூர் வெயிலைப் பற்றி இங்குள்ள அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மணி நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. வெயில் கொடுமை என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் எழுந்து நிற்கக் கால் தள்ளாடியது. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போயிற்று. என் மனைவிதான் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈறு வெள்ளைக் காகிதமாட்டம் இருக்குங்க, கிளம்புங்க" என்றாள்.

மணி நாட்டு நாய். எடை 20 கிலோ. ரயில்வே குவார்ட்டர்ஸில் குட்டியாக வந்து சேர்ந்து, நான் ஓய்வு பெற்றதும் எங்களோடு சொந்த வீட்டுக்குக் குடிவந்தவன். ஹிந்தியும் மராத்தியும் பேசும் ஊரில் தமிழ் மட்டுமே தெரிந்த பிரஜை.

ரத்தப் பரிசோதனை முடிவில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது உள்ளே நுழையும் பபீசியா என்னும் நுண்ணுயிர் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலே உடம்புக்குள் ரத்தம் அழிந்துபோகிறது. இதில் ஒரு வகையான பபீசியா கிப்சோனியை 1910-ல் முதன்முதலாக விவரித்தவர் பேட்டன் என்பவர். அவர் அதைக் கண்டது சென்னையில், வெள்ளைக்காரர்களின் வேட்டை நாய்களின் ரத்தத்தில்தான்.

இரண்டாவது செய்தி, பி.சி.வி. 11 என்பது. ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணு என்பதே இந்த எண். நல்ல நிலையிலுள்ள நாய்க்கு இது 37 முதல் 55 வரை இருக்கும். "மருந்து கொடுக்கலாம். ஆனால் மருந்து வேலை செய்யும்வரை இவன் தாங்க வேண்டுமே" என்றார் டாக்டர்.

குற்றம் என்னுடையதுதான். பதினைந்து நாள் முன்பே காதோரம் உண்ணியைப் பார்த்தேன். இரண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மருந்து அப்புறம் போடலாம் என்று இருந்துவிட்டேன். தண்டவாளத்தில் மயிரிழை விரிசல் கண்டால்கூட நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒருநாளும் விட்டதில்லை. வீட்டில் விட்டுவிட்டேன்.

ஷேரா வந்தான்

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். அவர்களிடம் ஷேரா என்ற லாப்ரடார் இருந்தது. 32 கிலோ. அதுவரை அவர்களோடு எங்களுக்கு இருந்த உறவு, காலையில் இரண்டு நாய்களும் குரைத்துக்கொள்ளும்போது இரு பக்கமும் சங்கிலியை இழுத்துப் பிடிப்பது மட்டும்தான். எப்படிக் கேட்பது என்று கூசிக்கொண்டே போய் நின்றேன். பெரியவர் முழுவதும் கேட்கவில்லை. "மகனே, வண்டியை எடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் அந்தப் பிள்ளை, "அங்கிள், ஷேரா என்றால் சிங்கம். அவன் பயப்பட மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

முதலில் ஷேராவுக்குப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சல் இல்லை, ரத்தம் போதுமான அளவு இருக்கிறது என்று உறுதி செய்தார்கள். பிறகு பொருத்தம் பார்த்தல். ஷேராவின் சிவப்பணுவையும் மணியின் ரத்த நீரையும் கண்ணாடித் தகட்டில் கலந்து, கட்டி தட்டுகிறதா என்று பார்த்தார்கள். தட்டவில்லை. கழுத்து நரம்பில் ஊசி குத்தி 450 மில்லி எடுத்தார்கள். சிங்கம் சிணுங்கவில்லை. அந்தப் பையன் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்திலேயே கண்ணாக இருந்தது.

மணிக்கு முதல் அரைமணி நேரம் மிக மெதுவாகச் சொட்டவிட்டார்கள். வாந்தி, காய்ச்சல், முகவீக்கம், மூச்சிரைப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வாமை இருந்தால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுமாம். பிறகு வேகத்தைக் கூட்டி நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார்கள்.

டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். கிலோவுக்கு 2 மில்லி ரத்தம் ஏற்றினால் பி.சி.வி. சுமார் 1 கூடும். 20 கிலோ மணிக்கு 450 மில்லி என்றால் 11 கூட வேண்டும். மறுநாள் காலை பார்த்தபோது 20 இருந்தது. "கணக்கில் 2 குறைகிறதே" என்றேன். "கிருமி இன்னும் தின்றுகொண்டுதானே இருக்கிறது" என்று சிரித்தார். ஏற்றிய ரத்தம் நோயைக் குணப்படுத்தாது. மருந்து வேலை செய்ய அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. அந்த அவகாசம் மணிக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் தயிர்சாதம் தின்றான்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

நான் மருத்துவன் அல்லன். அன்று பட்டதையும் பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததையும் எழுதுகிறேன்.

நாய்களுக்கும் ரத்தப் பிரிவுகள் உண்டு. ஆனால் பிற பிரிவு ரத்தத்தை எதிர்க்கும் பொருள் நாயின் உடலில் பிறவியிலேயே பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே முதல்முறை ஏற்றுவது பொதுவாகத் தாங்கிவிடும். இரண்டாம் முறைதான் ஆபத்து. பொருத்தம் பார்க்காமல் ஏற்றவே கூடாது. பூனைகளின் சங்கதி வேறு. அவற்றுக்கு ஏ, பி, ஏபி என்று பிரிவுகள் உண்டு. எதிர்ப்புப் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. பி பிரிவுப் பூனைக்கு ஏ ரத்தம் சிறிதளவு ஏறினாலும் உயிர் போகலாம்.

உண்ணி மட்டுமே எதிரி அல்ல. எலி மருந்தைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். பிறகு ரத்தம் உறையாமல் உள்ளே கசியத் தொடங்கும். தின்றது தெரிந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். நம் வீட்டு வெங்காய சாம்பார் சாதமும் நல்லதல்ல. வெங்காயம் நாய், பூனைகளின் சிவப்பணுவை உடைக்கும். பூனைக்குப் பாரசிட்டமால் கொடுப்பது கொலைக்குச் சமம்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கும் வழக்கம் வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். வெளுத்தே இருந்தால் தாமதம் கூடாது.

ரத்தம் தரும் நாய்க்கு 1 முதல் 8 வயதுக்குள் இருக்க வேண்டும். எடை 25 கிலோவுக்கு மேல், தடுப்பூசிகள் போட்டு, நோயின்றி, சினையில்லாமல் இருக்க வேண்டும். மனிதன் சம்மதித்துக் கொடுக்கிறான். நாயைக் கேட்க முடியாது. அதனால் அதன் நலத்துக்கு நாம்தான் பொறுப்பு. மத்திய அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை 2025-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் பணத்துக்கல்லாத, தன்னார்வமான தானத்தையே வற்புறுத்துகின்றன.

ரத்தம் ஏற்றும் வித்தையே நாயிடமிருந்து நாம் கற்றதுதான். ஆக்ஸ்போர்டில் ரிச்சர்ட் லோயர் 1665-ல் ஒரு நாயின் ரத்தத்தை மற்றொரு நாய்க்கு ஏற்றிக் காட்டினார். மனித ரத்தப் பிரிவுகள் கண்டுபிடிக்கப்பட இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. நாம் பட்ட கடன் பழையது.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கு ரத்த வங்கி இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் அடுத்த வீட்டு நாய்தான் வங்கி. ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் வீடுகளில் உள்ள பெரிய நாய்களின் வயது, எடை, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து அலுவலகத்தில் வைக்கலாம். அண்டை அயலார் வீட்டு நாய்களையும் சேர்த்துக்கொள்ளலாம்; ரத்தத்துக்கு மொழி கிடையாது.

மணி அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் இருந்து, 2023-ல் வயதாகி இறந்தான். ஷேராவைக் கண்டால் கடைசிவரை குரைத்தான். எங்கள் இரு குடும்பங்களும் தீபாவளிக்கும் லோஹ்ரிக்கும் பலகாரம் மாற்றிக்கொள்கிறோம். முதல் பெயரைப் பதிவு செய்ய அந்தப் பெரியவர் சம்மதித்துவிட்டார். நோட்டை வாங்கித் தருவது என் பொறுப்பு. இனி டாக்டர் கேட்கும்போது நம்மில் யாரும் என்னைப்போல் விழிக்கக் கூடாது.